பறையும் பறைதலும்: மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் அமைப்பும் வாய்மொழி மரபும்



கானா நாட்டு வானொலியில் செய்தி தொடங்கும் முன் முழவொலி ஒன்றை ஒலிக்கவிடும் வழக்கம் உண்டு. 'அட்டும்பான்' என்னும் இரட்டை முழவு அது. ஒன்றின் குரல் தாழ்ந்தது, மற்றொன்றின் குரல் உயர்ந்தது. அந்நிய நாட்டார் கேட்டால் அது சில அடிகள் கொண்ட தாளம், அவ்வளவுதான். அக்கான் மொழி தெரிந்தவர் கேட்டால் அது ஒரு வாக்கியம்: "கானா, கேளுங்கள்!"

தமிழில் பறை என்பது தோற்கருவி. பறைதல் என்பது சொல்லுதல். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தவர்கள் நாம். ஆனாலும் நம் ஊர்களில் பறையறைந்தவர் அடித்து நிறுத்திவிட்டு, செய்தியை வாயால்தான் சொன்னார். அக்கான் நாட்டிலோ செய்தியையே முழவு சொல்லிவிடுகிறது. எப்படி? அதற்கு விடை முழவின் தோலில் இல்லை, அந்த மொழியின் இலக்கணத்தில் இருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

எழுத்து இல்லாத மக்கள், அதனால் வாயால் சொல்லிக் காப்பாற்றினார்கள் என்று ஆப்பிரிக்காவைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்க வாய்மொழி மரபு அந்த மொழிகளின் ஒலியிலிருந்தும் சொல்லமைப்பிலிருந்தும் முளைத்தது. அதற்குப் பயிற்சி உண்டு, சோதனை உண்டு, பிழை திருத்தும் முறை உண்டு. எழுத்து இருந்த இடங்களிலும் அது தழைத்தது.

முதலில் நிலப்பரப்பைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே நைஜீரியா வரை விரியும் நாடுகள் இவை. நைஜீரியாவில் மட்டும் 500-க்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. யொரூபா, இக்போ, அக்கான், எவே, வொலோஃப், ஃபுலா ஆகியவை நைஜர்-காங்கோ என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. கிழக்கே பேசப்படும் சுவாஹிலியும் தெற்கே பேசப்படும் ஜூலுவும் அதே குடும்பம்தான். கோடிக்கணக்கானோர் பேசும் ஹௌசாவோ அரபு, எபிரேய மொழிகளுக்கு உறவான வேறொரு குடும்பம். ஆகவே 'ஆப்பிரிக்க மொழி' என்று ஒருமையில் பேசவே கூடாது. நான் சொல்லப்போகும் இயல்புகளும் எல்லா மொழிக்கும் பொதுவானவை அல்ல.

யொரூபாவிலிருந்து தொடங்குவோம். தமிழிலும் குரல் ஏறி இறங்குகிறது. 'வந்தான்' என்பதை இறக்கிச் சொன்னால் செய்தி, ஏற்றிச் சொன்னால் கேள்வி. ஆனால் இரண்டிலும் சொல்லின் பொருள் வருதல்தான். யொரூபாவில் மேல், இடை, கீழ் என்று மூன்று தொனிகள் உண்டு. அவை சொல்லின் பொருளையே மாற்றிவிடும். 'ஒக்கொ' என்னும் சொல்லின் இரண்டு அசைகளையும் இடைத் தொனியில் சொன்னால் கணவன். இரண்டாம் அசையை மேலே ஏற்றினால் மண்வெட்டி. அதையே கீழே இறக்கினால் வாகனம். இரண்டு அசைகளையும் கீழே இறக்கினால் ஈட்டி. உயிரும் மெய்யும் நான்கிலும் ஒன்றே. நமக்குக் குறிலும் நெடிலும் எப்படியோ அப்படி அவர்களுக்குத் தொனி. 'கல்', 'கால்' என்பவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்தா பேசுகிறோம்? யொரூபாக் குழந்தையும் தொனியை அப்படித்தான் கற்கிறது.

பேச்சிலிருந்து உயிரையும் மெய்யையும் நீக்கிவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? தமிழில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. யொரூபாவில் சொல்லின் ஒரு பாதி மிஞ்சும். அந்தப் பாதியைத்தான் 'டுண்டுன்' என்னும் முழவு பேசுகிறது. நம் உடுக்கையைப் போல இடை சிறுத்த கருவி அது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வார்களை அழுத்தினால் தோல் இறுகி ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். வளைந்த குச்சியால் அடிப்பார்கள். குழுவில் முதன்மையாகப் பேசும் முழவுக்குத் தாய் முழவு என்று பெயர். முழவுக் குடும்பங்களில் பிறந்தவர்களின் பெயர்கள் 'அயான்' என்று தொடங்கும். பெயரைக் கேட்டாலே தொழில் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இரண்டு கீழ்த் தொனிகளை முழவு அடித்தால் அது ஈட்டியா, அதே தொனியில் அமைந்த வேறு சொல்லா? தனிச் சொல்லாக அடித்தால் யாராலும் சொல்ல முடியாது. அதனால் முழவுக்காரர் தனிச் சொல்லை அடிப்பதில்லை, தொடர்களை அடிக்கிறார். அந்தத் தொடர்கள் பெரும்பாலும் பழமொழிகள், அல்லது 'ஒரிக்கி' எனப்படும் புகழ்மொழிகள். கேட்பவர் நெஞ்சில் முன்பே மனப்பாடமாகக் கிடக்கும் தொடரின் ஏற்ற இறக்கத்தை முழவு எழுப்புகிறது. உயிரையும் மெய்யையும் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். முழவு பேச வேண்டுமானால் ஊருக்கு இலக்கியம் தெரிந்திருக்க வேண்டும். மொழியமைப்பும் வாய்மொழி மரபும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

ஒரிக்கி என்பது தனி மனிதருக்கும் குலத்துக்கும் ஊருக்கும் தெய்வத்துக்கும் உரிய அடைமொழிகளின் கோவை. அதில் முன்னோரின் பெருமையோடு அவர்களின் குறையும் விசித்திரமான குணமும் சேர்ந்தே வரும். நைஜீரியாவின் ஒக்குக்கு என்னும் ஊரில் தங்கி ஆராய்ந்த காரின் பார்பர் 1991-இல் வெளியிட்ட நூலில், இந்தக் கோவைகளைப் பெரிதும் காப்பவர்கள் பெண்கள் என்று காட்டினார். திருமணமாகிப் புகுந்த வீட்டுக்கு வரும் பெண், தான் பிறந்த குலத்தின் ஒரிக்கியையும் கொண்டுவருகிறாள். புகுந்த குலத்தினுடையதையும் கற்றுக்கொள்கிறாள். ஊரின் வரலாறு பெண்களின் வாயில் வீடுவிட்டு வீடு பரவுகிறது.

தொனியை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாடல்களை யொரூபாவில் மொழிபெயர்த்து, ஆங்கில மெட்டிலேயே பாட வைத்தார்கள். மெட்டு ஏறிய இடத்தில் சொல் இறங்க வேண்டியிருந்தது. மெட்டு இறங்கிய இடத்தில் சொல் ஏற வேண்டியிருந்தது. விளைவாகச் சொற்கள் பொருள் மாறின அல்லது பொருளே இழந்தன. பிறகு அந்த மண்ணின் இசையறிஞர்கள் சொல்லின் தொனியைப் பின்பற்றிப் புது மெட்டுகள் அமைத்தார்கள். கானாவில் இஃப்ரயிம் அமு, எவே மொழியிலும் துவி மொழியிலும் அப்படிப் பாடல்கள் இயற்றினார். சொல் இட்ட வழியில்தான் மெட்டு நடக்க வேண்டும் என்பது அங்கே மொழியின் கட்டளை.

ஒலியிலிருந்து சொல்லுக்கு வருகிறேன். நமக்கு இரட்டைக்கிளவி என்றால் உடனே புரியும். சலசல, மளமள என்கிறோம். எவே மொழியில் இந்த வகைச் சொற்கள் பெருங்கடல். ஜெர்மானிய அறிஞர் டீட்ரிஷ் வெஸ்டர்மன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எவே இலக்கணம் எழுதியபோது, நடத்தல் என்னும் ஒரு வினையோடு மட்டும் சேரும் முப்பதுக்கு மேற்பட்ட ஒலிக்குறிப்புகளைத் தொகுத்தார். சிறிய உருவம் உடையவர் உடல் குலுங்க நடப்பது 'பாஃபோ பாஃபோ'. வலுவில்லாதவர் காலை இழுத்து நடப்பது 'பெஹெ பெஹெ'. பருத்தவர் கனத்து நடப்பது 'போஹோ போஹோ'. கதை சொல்பவர் ஒரு பாத்திரத்தை வருணிக்க வேண்டியதே இல்லை. நடையைச் சொன்னால் ஆள் எழுந்து நிற்கிறார். கதைசொல்லிக்கு மொழி முன்பே செதுக்கிவைத்த உருவங்கள் இவை.

வினைகளையும் பாருங்கள். 'புத்தகத்தைக் கொண்டுவந்தான்' என்று நாம் எச்சத்தையும் முற்றையும் இணைக்கிறோம். யொரூபாவில் எச்சமே தேவையில்லை: 'அவன் எடு புத்தகம் வா' என்பது போல வினைகள் அப்படியே அடுக்கி நிற்கும். 'அவன் பயன்படுத்து கத்தி வெட்டு இறைச்சி' என்றால் கத்தியால் இறைச்சியை வெட்டினான் என்று பொருள். வேற்றுமை உருபு செய்யும் வேலையை இன்னொரு வினை செய்கிறது. நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே சொற்களும் வரும் என்பதால், கதை கேட்பவர் வாக்கியத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

செனகல் முதல் கேமரூன் வரை மாடு மேய்த்துப் பரவிய ஃபுலா மக்களின் மொழி வேறொரு வியப்பு. பெயர்ச்சொற்களை இருபதுக்கு மேற்பட்ட வகுப்புகளாகப் பிரிக்கிறது. பன்மையாகும்போது சொல்லின் ஈறு மட்டும் மாறுவதில்லை, முதலெழுத்தும் மாறும். ஓர் ஆண் 'கோர்க்கோ', ஆண்கள் பலர் 'வொர்பே'. இம்மொழியில் யொரூபாவைப் போன்ற தொனி கிடையாது. அண்டை வீட்டு மொழிகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு! இலக்கணமற்ற பேச்சுகள் என்று ஒரு காலத்தில் ஐரோப்பியர் பலர் எழுதியது இந்த மொழிகளைப் பற்றித்தான்.

இனி மரபைக் காக்கும் ஏற்பாடுகளைச் சொல்கிறேன். வாயால் சொல்வது நாளுக்கு நாள் மாறிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை அவர்கள் நமக்கு முன்பே கேட்டு, வகைக்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள்.

யொரூபாவின் 'இஃபா' என்னும் குறி மரபை எடுத்துக்கொள்ளுங்கள். 16 பனைக்கொட்டைகளைக் கொண்டு குறி பார்க்கும்போது 256 அமைப்புகளுள் ஒன்று கிடைக்கும். ஒவ்வோர் அமைப்புக்கும் உரிய செய்யுட்கள் பல உண்டு. 'பபலாவோ' எனப்படும் குறிவல்லுநர் அவற்றைப் பல்லாண்டு ஆசானிடம் இருந்து கற்கிறார். இங்கே சொல் பிறழக் கூடாது. யுனெஸ்கோ 2005-இல் இஃபாவை மனித குலத்தின் வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

வேட்டைக்காரர்கள் பாடும் 'இஜாலா' பாடலில் காவல் வேறு வகை. 1966-இல் அதைப் பற்றி நூல் எழுதிய அடெபோயே பாபலோலா ஒரு காட்சியைப் பதிவு செய்கிறார். ஒருவர் பாடும்போது மற்ற பாடகர்கள் செவிகொடுத்துக் கேட்கிறார்கள். பிழை கண்டால் அவையிலேயே எழுந்து, பொய் சொல்கிறாய் என்று மறித்துச் சரியான பாடத்தைப் பாடுகிறார்கள். முதலில் பாடியவர் தம் பாடமே சரி என்று பாட்டாலேயே வழக்காடவும் செய்யலாம். அவையே மெய்ப்புத் திருத்தும் இடம்.

மாலிப் பேரரசின் வரலாற்றைச் சுமக்கும் மாண்டே மக்களிடம் அந்தப் பொறுப்பு ஒரு குலத்தொழில். அந்தப் பாணரை 'ஜெலி' என்பார்கள். பிரெஞ்சு வழியாக 'கிரியோ' என்ற பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. பேரரசை நிறுவிய சுன்ஜாட்டா, சோசோ அரசன் சுமவோரோவை கிரினா போரில் ஏறத்தாழ 1235-இல் வென்றான். அந்தக் கதையைக் குயாத்தே குலத்தார் இன்றும் பாடுகிறார்கள். சுமவோரோவினுடையது என்று நம்பப்படும் பழைய பலஃபோன், சுரைக்குடுக்கைகள் கட்டிய மரச்சட்டக் கருவி, கினி நாட்டின் நியாகசோலா என்னும் சிற்றூரில் அவர்கள் காவலில் இருக்கிறது. அதை எந்த நாளும் எடுத்து வாசிக்க முடியாது. உரிய சடங்குகளுக்கே வாசிப்பார்கள். குழந்தைகளுக்கு ஏழு வயது முதல் வாசிப்பு கற்பிக்கிறார்கள். மாலியின் கங்காபாவில் ஒரு புனித வீடு உண்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை அதற்குப் புதுக்கூரை வேய்வார்கள். அப்போது கேலா ஊரின் ஜெலிகள் அதனுள்ளே அமர்ந்து பேரரசின் கதையைச் சொல்வார்கள்.

ஜெலி பாடும்போது அருகில் ஒருவர் அமர்ந்து அடிக்கு அடி 'நாமு' என்று ஒப்புக்கொண்டே வருவார். 'கேட்டேன், சரி' என்பது அதன் கருத்து. பெரும்பாலும் மாணவர்தான் அந்த இடத்தில் இருப்பார். நாமு சொல்லிச் சொல்லியே அவர் கதையின் ஓட்டத்தைக் கற்றுவிடுகிறார். சுன்ஜாட்டா கதை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் காப்பது இஃபாவின் நெறி. குலங்களின் உறவையும் கடமையையும் காப்பது ஜெலியின் நெறி. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கக் கூடாது.

இந்த மரபின் பழமைக்கு எழுத்துச் சான்றும் இருக்கிறது. 1352-இல் மாலிக்குப் போன இபின் பதூதா, மன்னன் சுலைமானின் அவையில் பாணர்களைப் பார்த்தார். இறகுகளால் ஆன உடை, சிவந்த அலகு வைத்த மரத்தலை என்று பறவை வேடத்தில் அவர்கள் வந்தார்களாம். இந்த இருக்கையில் முன்பிருந்த மன்னர்கள் இன்னின்ன நன்மை செய்தார்கள், நீயும் உன் பெயர் நிற்கும்படி நன்மை செய் என்று அரசனுக்கு உரைத்தார்களாம். செவியறிவுறூஉ என்று துறை வகுத்த நமக்கு அந்தப் பாணர்களின் துணிவு புரியும். அதே நூற்றாண்டில் வரலாறு எழுதிய இபின் கல்தூனும் சோசோ நாட்டை வென்ற 'மாரி ஜாட்டா'வைக் குறிப்பிடுகிறார். அது சுன்ஜாட்டாவின் இன்னொரு பெயர்.

எழுத்தும் வாய்மொழியும் பகை என்று நினைப்பவர்களுக்கு நானா அஸ்மாவின் வாழ்வே மறுமொழி. 1793-இல் பிறந்த இவர் சொக்கோட்டோ அரசை நிறுவிய உஸ்மான் டான் ஃபோடியோவின் மகள். அரபு எழுத்தில், ஃபுலா, ஹௌசா, அரபு ஆகிய மூன்று மொழிகளில் பாடல் எழுதியவர். அந்தப் பாடல்களைப் பெண் ஆசிரியர்களுக்கு மனப்பாடம் செய்வித்து, சிற்றூர்ப் பெண்களிடம் அனுப்பினார். ஏட்டில் பிறந்த பாட்டு வாய்வழியே ஊர் ஊராகப் போனது. 1864-இல் மறையும் வரை அந்தக் கல்விப் பணி தொடர்ந்தது.

தங்கள் மொழிக்குத் தாங்களே எழுத்து வகுத்தவர்களும் அங்கே உண்டு. லைபீரியாவில் மொமொலு டுவாலு புக்கேலே 1830-களில் 'வாய்' என்னும் மொழிக்கு அசையெழுத்து அமைத்தார். கினி நாட்டின் சுலைமானா காந்தே, ஆப்பிரிக்க மொழிகளை எழுத்தில் அடக்க முடியாது என்று ஓர் அரபு நூல் இகழ்ந்ததைப் படித்து வெகுண்டார். பல முயற்சிகளுக்குப் பின் 1949-இல் 'ங்கோ' என்னும் எழுத்து முறையை வகுத்தார். மாண்டே மொழிகளில் அச்சொல்லுக்கு 'நான் சொல்கிறேன்' என்று பொருள். அதில் தொனிக்கும் குறி உண்டு. தாய்மொழியைக் காதால் அறிந்தவர் எழுத்து வகுத்தால் தொனியை விட மாட்டார்.

அறிஞர்களும் தவறியிருக்கிறார்கள், திருந்தியும் இருக்கிறார்கள். ரூத் ஃபின்னகன் 1970-இல் வெளியிட்ட ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கிய நூல் இத்துறையின் அடித்தளம். ஆனால் காப்பியம் என்னும் வகை சகாராவுக்குத் தெற்கே அரிது என்று அவர் அதில் எழுதினார். நைஜீரிய அறிஞர் இசிடோர் ஒக்பெவோ 1979-இல் ஆப்பிரிக்கக் காப்பியம் பற்றித் தனி நூலே எழுதி அதை மறுத்தார். இன்று சுன்ஜாட்டா உலகக் காப்பியங்களின் வரிசையில் வைத்துப் படிக்கப்படுகிறது.

நமக்கும் இந்த நாடுகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. செனகலின் முதல் குடியரசுத் தலைவரும் கவிஞருமான லியோபோல்ட் செங்கோர், திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு இருக்கலாம் என்று கருதினார். 1970-களில் யு.பி. உபாத்யாயா, க.ப. அறவாணன் போன்றோர் செனகலின் டக்கார் நகரில் தங்கி ஆராய்ந்தார்கள். அந்த உறவை மொழியியல் உலகம் ஏற்கவில்லை. கிடைத்த ஒற்றுமைகள் மொழிக்குடும்பத்தை நிறுவப் போதாதவை. ஆனால் அவர்கள் கடல் கடந்து போய் அந்த மொழிகளைக் காதால் கேட்டார்களே, அந்த முயற்சி மதிக்கத்தக்கது. உறவு இருந்தால்தான் கற்பேன் என்பது சரியான மனநிலை அல்ல. உறவில்லாத மொழிதான் நம் மொழியின் இயல்பையும் நமக்குக் காட்டும்.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். இந்த நாடுகளில் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நடக்கிறது. யொரூபாவை அச்சிடும்போதும் கைப்பேசியில் எழுதும்போதும் தொனிக்குறிகளை விட்டுவிடுகிறார்கள். கணவனும் ஈட்டியும் தாளில் ஒன்றாகிவிடுகின்றன. மறுபக்கம் நம்பிக்கையும் இருக்கிறது. 1970-இல் நைஜீரியாவின் இலே-இஃபே நகரில் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில் ஒரு சோதனை நடந்தது. தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் பாடங்களை யொரூபாவிலேயே நடத்தி, ஆங்கிலத்தைத் தனிப் பாடமாகக் கற்பித்தார்கள். அப்படிப் படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. 2023-இல் மாலி தன் புதிய அரசமைப்பில் பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து நீக்கி, நாட்டின் 13 மொழிகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. சட்டம் வந்ததும் வகுப்பறை மாறிவிடாது. பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் பின்தொடர வேண்டும்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்க இசை இன்று உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதில் டுண்டுன் முழவு ஏறி இறங்குவதைக் கேட்கும்போது, நல்ல தாளம் என்று கடந்துவிடாதீர்கள். அங்கே யாரோ ஒருவரின் குலப்பெயர் சொல்லப்படலாம், ஒரு பழமொழி நினைவூட்டப்படலாம். அது என்ன சொல்கிறது என்று தேடிக் கேளுங்கள். மாணவர்களாகிய உங்களில் ஓரிருவராவது யொரூபாவையோ மாலியின் பம்பாராவையோ முறையாகக் கற்று, ஆங்கிலத்தின் துணையில்லாமல் நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். அப்படி வரும் முதல் நூலை வரவேற்க நான் காத்திருக்கிறேன்.